ஊர்க் கடையும் எமது உணவும்

நாம் உண்பதை நாமே தெரிவு செய்கிறோம் என்று எண்ணுகிறோம். ஆனால் எமது அடுப்பில் வேகுவதில் பெரும் பகுதியைத் தெரிவு செய்வது ஒழுங்கை முடக்கில் உள்ள சிறு கடையே.

வன்னிக் கிராமம் ஒன்றில் மாதர் குழுவினருடன் அமர்ந்து இரண்டு பட்டியல்கள் எழுதினோம். ஒன்று கடையில் இருப்பவை. மற்றையது அந்த வாரம் வீடுகளில் உண்டவை. பாண், கோதுமை மா, சீனி, பருப்பு, சோயா மீற், ரின் மீன், நூடில்ஸ், பிஸ்கற், இனிப்புப் பானம்: இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கத்தரியும் பயிற்றங்காயும் அவ்வூரிலேயே விளைகின்றன. விடியுமுன் லொறியேறிப் போய்விடுகின்றன. கோதுமையோ எமது நாட்டில் விளைவதில்லை. அதன் மா இல்லாத கடையும் இல்லை.

இதற்கு மூன்று காரணங்களைக் கண்டோம்.

முதலாவது, பழுதாகும் தன்மை. காலையில் வைத்த கீரை மாலையில் வாடிவிடும்; நட்டம் கடைக்காரருடையது. பிஸ்கற் பைக்கற்றோ மாதக் கணக்கில் இருக்கும்.

இரண்டாவது, விநியோகம். கம்பனி வான் கடை வாசலுக்கே வருகிறது. மரக்கறிக்குக் கடைக்காரரே சந்தைக்குப் போகவேண்டும்.

மூன்றாவது, கடன் கொப்பி. இதுவே முக்கியமானது. சந்தை காசு கேட்கும். கடை கொப்பியில் எழுதும். கூலி கிடைக்காத வாரத்தில் கொப்பி உள்ள இடத்திலேயே வாங்கவேண்டும். அங்கே உள்ளதையே வாங்கவேண்டும். ஒரு தாய் சொன்னார்: "கீரை நல்லதெண்டு எங்களுக்குத் தெரியும். கீரைக்காரி கொப்பி வைச்சிருக்கிறதில்லையே."

ஆகவே போசாக்கு வகுப்பு மட்டும் போதாது. 2016இல் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தட்டில் உள்ளவை எல்லாமே இனிப்புப் பானங்கள் என்றால், குறியீட்டைப் படித்தவர் எதைத் தெரிவு செய்வார்?

கடைத் தட்டு மாறினால் உணவும் மாறும் என்பதற்கு உப்பே சான்று. 1995 முதல் எமது நாட்டில் உணவுக்கு விற்கும் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமாயிற்று. எவரும் தமது சமையலை மாற்றவில்லை; கடையில் இருந்த உப்பு மாறியது. பிள்ளைகளிடையே தொண்டைக் கழலை காலப்போக்கில் வெகுவாகக் குறைந்தது.

அந்த மாதர் குழுவினர் கடைக்காரருடன் பேசினர். இப்போது மூன்று வீட்டார் காலையில் கீரையும் முருங்கைக்காயும் கொண்டுவந்து வைக்கின்றனர். விற்காததை மாலையில் எடுத்துச் செல்வர், கடைக்காரருக்கு நட்டமில்லை. விற்றதன் பெறுமதி அவர்களது கடனில் கழிகிறது. வாங்குபவரும் அதே கொப்பியில் எழுதி வாங்கலாம். பிஸ்கற் விற்பனை குறையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் காசில்லாத நாளிலும் அவ்வூரில் கீரைக்கறி சமைக்க வழி பிறந்திருக்கிறது.

கடைக்காரரைப் பகைக்க வேண்டியதில்லை. கொப்பியை மூடவும் வேண்டாம். அதில் எவை எழுதப்படுகின்றன என்பதை மாற்றுவோம்.

குழுவில் கலந்துரையாட:

1. எமது ஊர்க் கடையில் உள்ளவற்றுள் எமது ஊரில் விளைந்தவை எத்தனை?

2. கடனுக்குக் கிடைக்காத நல்ல உணவுகள் எவை? அவற்றைக் கொப்பிக்குள் கொண்டுவர யாருடன் பேசவேண்டும்?