அடுக்களைக்கு அப்பாற் சீனி

சீனி என்றவுடன் நாச்சுவையே நினைவுக்கு வருதல் இயல்பு. தேநீரும் பலகாரமும் இன்றேல் அதற்கு வேறு வேலை இல்லை என்றே பலரும் கருதுவர். ஆயினும், கட்டடம் எழுப்புவோரும், கண்ணாடிக்கு வெள்ளி பூசுவோரும், புண்ணுக்கு மருந்திடுவோரும், மேனி பேணும் மகளிரும் நெடுங்காலமாக இனிப்புப் பொருள்களைக் கையாண்டு வந்துள்ளனர். இப்பயன்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றன போலத் தோன்றினும், அவற்றுட் பெரும்பாலன சீனியின் மூன்று பண்புகளிலிருந்தே பிறக்கின்றன. நீரைக் கவர்தல், சுண்ணாம்போடு கூடுதல், அமிலத்தாற் பிளவுபடுதல் என்பன அவையாம். பண்பை அறிந்து கையாள்வார்க்கு நன்மை செய்யும் அப்பொருளே, அறியாதார் கையிற் கேடும் விளைக்கவல்லது.

முதற்கண் நீரைக் கவரும் பண்பினை நோக்குவோம். சீனியின் மூலக்கூறு ஒன்றில் 12 காபன் அணுக்களும், 22 ஐதரசன் அணுக்களும், 11 ஒட்சிசன் அணுக்களும் உள. நீரைப் பற்றிக்கொள்ளும் ஐதரொட்சிற் கூட்டங்கள் எட்டு அதில் அமைந்திருக்கின்றன. ஆதலாலேயே 20 பாகை செல்சியசு வெப்பநிலையில், 100 கிராம் நீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியைக் கரைத்துக்கொள்கின்றது. இத்தகைய செறிந்த பாகில் நுண்கிருமி விழுமாயின், அதன் உடலிலுள்ள நீர் வெளியே இழுக்கப்படும். கிருமி பெருக இயலாது ஒடுங்கும். பழப்பாகு நெடுநாட் கெடாதிருப்பதன் காரணம் இதுவே.

புண்ணிற் சீனி இடும் வழக்கமும் இக்காரணம் பற்றியதே. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து மருத்துவர் நட்சன் என்பார், சீனியையும் அயடீன் சேர்ந்த கிருமிநாசினி ஒன்றையும் கலந்து 600க்கு மேற்பட்ட நோயாளருக்கு இட்டுக் கண்ட நற்பயனை 1981இல் வெளியிட்டார். சிம்பாப்வேயிற் பிறந்து இங்கிலாந்திற் பணியாற்றிய தாதியல் அறிஞர் மோசெசு முரண்டு, தம் நாட்டு வழக்கத்தை ஆய்வுக்கு உட்படுத்தி 2018இற் பரிசும் பெற்றார். எனினும், இதனை வீட்டு வைத்தியமாகக் கொள்ளுதல் ஆபத்தாகும். புண்ணினின்று ஊறும் நீர் சீனியை நீர்க்கச் செய்துவிடின், கிருமியை ஒடுக்கிய அதே சீனி கிருமிக்கு உணவாகிவிடும். ஆதலின், உரிய வேளையிற் கட்டினை மாற்றுதல் இன்றியமையாதது. ஆழ்ந்த புண்ணும் நீரிழிவாளர் புண்ணும் வைத்தியர் கண்காணிப்புக்கே உரியன.

பூச்சாடியிலும் இவ்வுண்மையைக் காணலாம். கொய்த மலருக்குச் சிறிதளவு சீனி உணவாகி அதன் வாழ்நாளை நீட்டும். ஆனால் வெறுஞ் சீனிநீரிற் கிருமிகள் பெருகித் தண்டின் நுண்குழாய்களை அடைத்துவிடும். மலர் விரைவில் வாடும். ஆதலாற் சீனியோடு கிருமியைத் தடுக்கும் பொருளும், சிறிது அமிலமும் சேர்த்தே பூவாணிகர் பயன்படுத்துவர்.

இரண்டாவது பண்பு சுண்ணாம்போடு கூடுதல். ஒரு இலீற்றர் நீரிற் கரையும் நீற்றிய சுண்ணாம்பு இரண்டு கிராமுக்குங் குறைவே. அந்நீரிற் சீனி இருப்பின், அது பன்மடங்கு மிகுதியாகக் கரையும். தென்னிந்தியக் கொத்தர் கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் விட்டுச் சுண்ணச்சாந்து அரைத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. இனிப்பு நீர் சேர்ந்த சாந்து குறைந்த நீரிலேயே நன்கு குழையும். அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல ஏற்றுக் கல்லாய் இறுகும். சுண்ணாம்பும் இனிப்பும் சேரும் பிறிதொரு தொழிலை யாழ்ப்பாணத்தார் நன்கு அறிவர். பனையிற் கட்டும் முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர் புளித்துக் கள்ளாக மாட்டாது.

ஆயின், சுண்ணச்சாந்துக்கு உதவிய முறை சீமெந்துக்கும் உதவும் எனக் கொள்வது பெரும் பிழையாகும். சீமெந்து இறுகுவது காற்றினால் அன்று. நீரோடு நிகழும் இரசாயனத் தாக்கத்தினால். சீனி சீமெந்துத் துகள்களின்மேற் படிந்து அத்தாக்கத்தைத் தடுக்கும். 50 கிலோகிராம் பொதிக்கு 25 கிராம் சீனி சேரினும் இறுகுதல் சில மணிநேரம் தாமதமாகும். அரைக் கிலோகிராம் சேருமாயின் அது முறையாக இறுகாமலே போகலாம். இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்து 1994இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கத்தை அமைத்தபோது, எஞ்சிய கொங்கிறீற்று நிலத்தடியில் இறுகிவிடாதவாறு சீனியே பயன்பட்டது. முன்னோர் முறை என்று எண்ணிச் சீமெந்துக் கலவையிற் கருப்பட்டி கரைத்து ஊற்றுவோர், சுவரை வலுப்படுத்துவதாகக் கருதி அதன் வலிமையையே அழிப்பவராவர்.

மூன்றாவது, அமிலத்தாற் பிளவுபடுதல். சீனியைத் தேசிக்காய்ச் சாற்றுடன் காய்ச்சினால், அதன் ஒரு பகுதி குளுக்கோசு, பிரற்றோசு என்னும் இரு வெல்லங்களாகப் பிரியும். அவை கலந்த பாகு மீளப் பளிங்காகாது. பொன்னிறப் பசையாய் நிற்கும். எகிப்து, துருக்கி, பாரசீகம் முதலிய நாட்டு மகளிர் மேனியிலுள்ள மயிரை நீக்குவதற்கு இப்பசையையே கையாள்வர். மெழுகைப் போலன்றி, எஞ்சிய பசை வெறும் நீரிலேயே கழுவப்படும் என்பது இதன் சிறப்பு.

மேனியை அழகு செய்வோர் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் இப்பிளவுக்கும் உறவு உண்டு. வெள்ளியுப்புக் கரைசலினின்று வெள்ளியைப் பிரிக்குந் திறன் சீனிக்கு இல்லை. பிளவுபட்டுத் தோன்றும் குளுக்கோசுக்கு உண்டு. இவ்வகைத் தாக்கத்தினாற் கண்ணாடியில் வெள்ளி படிதலை செருமானிய இரசாயன அறிஞர் இலீபிக் 1835இல் எடுத்துக்காட்டினார். பின்னர், அமிலமிட்டுக் காய்ச்சிய சீனியைக் கொண்டே தொலைநோக்கி ஆடிகளுக்கும் வெள்ளி பூசினர்.

சீனியைத் தேய்த்தால் முகம் பொலியும் என்பாரும் உளர். நீரிற் கரையுந் துகளாதலின், கையழுக்கையும் பாதத்தின் தடித்த தோலையும் தேய்க்க அது ஏற்றதே. முகத்தின் மெல்லிய தோலையோ கூர்ந்த பளிங்குகள் கீறவுங்கூடும். கரும்புச்சாற்றிலுள்ள அமிலங்கள் தோலைப் புதுப்பிக்கும் என்ற கூற்றும் இங்குப் பொருந்தாது. வெண்சீனி ஏறக்குறையத் தூய சுக்குரோசே அன்றி வேறன்று.

இவ்வாறு நோக்குமிடத்து, ஒரு பொருளின் பயன் அப்பொருளில் மட்டும் அமைவதன்று. அதனோடு சேரும் பொருளிலும், சேரும் அளவிலும் அமைவது என்பது புலனாகும். சுண்ணாம்பிற் சேர்ந்து சுவரைக் காத்தது சீமெந்திற் சேர்ந்து அதனைக் கெடுக்கும். செறிந்து நின்று கிருமியை ஒடுக்கியது நீர்த்துப்போய் அதனை வளர்க்கும். வழிவழி வந்த கைமுறைகளைப் போற்றுதல் நன்று. அவற்றின் காரணத்தையும் உடன் அறிந்து போற்றுதலே அவற்றை ஆக்கியோர்க்கு நாம் செய்யும் உண்மையான மதிப்பாகும்.