நீரிழிவும் இல்லற நலமும்

நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதை ஊவாத் தோட்டங்களிற் பலரும் அறிவர். இல்லற இன்பத்தையும் அது நலிவிக்கும் என வாய்விட்டு உரைப்போர் அரியர். இரத்தத்தில் மிகும் சீனி நுண்ணிய குருதிக் குழாய்களையும் நரம்புகளையும் பழுதாக்குகின்றது. அதனால் ஆடவர்க்கு விறைப்புக் குறையலாம். பெண்டிர்க்கு வறட்சியும் தொற்றும் நேரலாம். 1994இல் வெளிவந்த மசச்சூசெட்ஸ் ஆய்வில், நீரிழிவுக்கு மருந்துண்ட ஆடவருள் நூற்றுக்கு 28 பேர் ஆண்மையை முற்றும் இழந்திருந்தனர்; ஆய்வுக்குட்பட்டோர் அனைவரையும் நோக்கின் அவ்விழப்பு 10க்கும் குறைவே.

சீனியைக் கட்டுப்படுத்தப் பசியறிந்து ஆறவமர உண்ணுதல் துணையாகும் என்பர். ரொட்டியையும் இனித்த தேநீரையும் விழுங்கி மலையேறும் கொழுந்து பறிப்போர்க்கு அஃது எளிதோ? லயத்து ஒற்றையறையில் கணவனும் மனைவியும் தனித்துப் பேசவும் இடமில்லை. ஆதலின் பதுளை வைத்தியசாலையில் வைத்தியரே இதனை முதலிற் கேட்டல் நன்று. விறைப்புக் குறைவு சிலர்க்கு இதயநோயின் முன்னறிகுறியாதலும் உண்டு.