உங்களுக்குத் தெரியுமா? காபி மேக்கர் அளவுமீறிச் சூடாகத் தண்ணீரும் காரணமாகலாம்!

கும்பகோணம் டிகிரி காபிக்குப் பித்தளை ஃபில்டரே போதும். ஆனாலும் டெல்டா வீடுகளில் மின்சார காபி மேக்கரும் இடம்பிடித்துவிட்டது. அது அளவுமீறிச் சூடாகி, டிகாக்‌ஷன் இறங்கும்போதே பாதியில் நின்றால், முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

போர் தண்ணீர் கடினநீராக இருந்தால், அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி, காபி மேக்கரின் சூடேற்றும் குழாயின் உள்ளே வெள்ளையாகப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிற அதே உப்புதான். இந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடு நீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தேங்கும். தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதுவும் தவறினால் தெர்மல் ஃபியூஸ் உருகிக் கருவியை நிறுத்தும். ஃபியூஸை விட்டுவிட்டு நேராக ஒயர் இணைத்து ஓட்டவே கூடாது, தீப்பிடிக்கலாம். அதே வெப்ப அளவுள்ள புதிய ஃபியூஸை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுங்கள்.

படிவு கரைய, 1 லிட்டர் நீரில் சுமார் 20 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து ஓட்டுங்கள். பாதியில் நிறுத்தி அரை மணி நேரம் ஊறவிட்டால் இன்னும் நல்லது. பிறகு வெறும் தண்ணீரை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்சைப் போடாதீர்கள். படிவே இல்லாத கருவியும் அப்போது அளவுமீறிச் சூடாகலாம்.