புல்வெளியில் தூங்க யாரைக் கேட்க வேண்டும்?

குழந்தைகளே, கோடை விடுமுறையில் மொட்டை மாடியில் பாய் விரித்து, நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறீர்களா? அது நம் வீட்டு மாடி. "எழுந்திரு, இது என் இடம்!" என்று யாரும் வந்து விரட்ட மாட்டார்கள்.

இங்கிலாந்தில், திறந்தவெளியில் கூடாரம் அடித்து ஓர் இரவு தூங்கலாமா, கூடாதா என்பதற்காக ஒரு வழக்கு மூன்று நீதிமன்றங்கள் ஏறி இறங்கியது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2025 மே மாதத்தில்தான்!

அதைச் சொல்வதற்கு முன், என் கதை ஒன்று. நான் பள்ளியில் சாரணர் ஆசிரியராகவும் இருந்தேன். முதல் முகாமில் மெத்தென்று புல் இருக்கிறதே என்று, பள்ளமான இடத்தில் கூடாரம் அடித்துவிட்டோம். நள்ளிரவில் மழை. விடிந்து பார்த்தால், மாணவர்களின் செருப்புகள் படகு போல மிதக்கின்றன! சிரித்தபடியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பையன் திடீரென்று கேட்டான்: "சார், இந்த இடம் யாருடையது? நம்மை எப்படித் தங்க விட்டார்கள்?"

நல்ல கேள்வி. மேட்டில் கூடாரம் அடிக்க வேண்டும் என்று அன்று நான் கற்றேன். அவனோ அதைவிடப் பெரிய விஷயத்தைப் பிடித்துவிட்டான்.

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது. நார்வே நாட்டில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிர் செய்யாத திறந்தவெளியில் யாரும் காசு கொடுக்காமல் கூடாரம் போடலாம். வீடுகளிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு நாள்களுக்கு மேல் தங்குவதென்றால்தான் அனுமதி கேட்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. அமெரிக்காவில் அரசுக்குச் சொந்தமான தேசியக் காடுகள் பலவற்றில் பொதுவாக 14 நாள்கள் வரை இலவசமாகத் தங்கலாம்.

ஆனால், இங்கிலாந்தில் நிலத்தின் சொந்தக்காரரிடம் கேட்காமல் கூடாரம் போடக் கூடாது. ஒரே ஓர் இடம் மட்டும் விதிவிலக்கு. அதன் பெயர் டார்ட்மூர்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில் இருக்கிறது டார்ட்மூர். சுமார் 950 சதுர கிலோமீட்டர். 1951-இல் தேசியப் பூங்காவானது. மரங்கள் குறைவு, புல்லும் புதரும்தான். ஆங்காங்கே மேடுகளின் உச்சியில், யாரோ அடுக்கி வைத்தது போலக் கருங்கல் பாறைகள். இவற்றை 'டார்' என்கிறார்கள். மிக உயரமான இடமே 621 மீட்டர்தான். நம் ஏற்காட்டில் பாதிகூட இல்லை! ஆனாலும் ஏமாந்துவிடாதீர்கள். மூடுபனி திடீரென்று இறங்கினால், எதிரே நிற்பவர் தெரிய மாட்டார். பச்சைப் பசேலென்று தெரியும் புல்தரை, கால் வைத்தால் உள்ளே இழுக்கும் சதுப்பாக இருக்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' கதை நடப்பது இங்கேதான். கட்டைக் குட்டையான மட்டக் குதிரைகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கும்.

நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு என்றால் அரசு நிலம். அங்கே அப்படியல்ல. நிலம் ஒருவருக்குச் சொந்தம். அதில் ஆடு மாடு மேய்க்கும் உரிமை சுற்றுவட்டார விவசாயிகளுக்கு. நடந்து போகும் உரிமை எல்லாருக்கும். விசித்திரமாக இருக்கிறது, இல்லையா? 1985-இல் வந்த சட்டம், 'நடந்தோ குதிரையிலோ சென்று, திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக' இந்த மேய்ச்சல் நிலங்களில் நுழையும் உரிமையைப் பொதுமக்களுக்குத் தந்தது. அந்த வரியில் கூடாரம் என்ற சொல்லே இல்லை. தூங்குவதும் அதில் அடங்கும் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

டார்ட்மூரின் தெற்கே சுமார் 1,600 ஹெக்டேர் நிலம் வைத்திருந்த ஒரு தம்பதியர் அப்படி நினைக்கவில்லை. கால்நடைகள் மிரளும், நெருப்புப் பிடிக்கும், குப்பை சேரும் என்பது அவர்களது கவலை. அது பொய்யான கவலை என்று நான் சொல்ல மாட்டேன். நீதிமன்றத்துக்குப் போனார்கள். நடப்பது பொழுதுபோக்கு; ஆனால், தூங்குவது எப்படிப் பொழுதுபோக்காகும் என்பதுதான் வாதம். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

ஊரே கிளம்பிவிட்டது! தீர்ப்பு வந்த சில நாள்களில், ஆயிரக்கணக்கானோர் குழந்தை குட்டிகளுடன் அந்தப் புல்வெளிக்கு நடந்தே போனார்கள். தேசியப் பூங்கா நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. 1865-இல் தொடங்கிய 'திறந்தவெளிகள் சங்கம்' என்ற அமைப்பும் துணைக்கு வந்தது.

மேல்முறையீட்டு நீதிபதிகள் யோசித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நல்ல கணக்கு வாத்தியார் போடும் கணக்கைப் போல அது படிப்படியாகப் போகும்.

நடந்து களைத்த ஒருவர் புல்லில் சாய்கிறார். அது பொழுதுபோக்கின் பகுதிதானே? ஆமாம். அப்படியே கண் அயர்ந்துவிடுகிறார். அப்போதும்தான். ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொள்கிறார். குளிருக்குத் தூக்கப் பைக்குள் நுழைகிறார். மழைக்கு மேலே கூடாரத் துணியைக் கட்டுகிறார். இதில் எந்த இடத்தில் பொழுதுபோக்கு முடிந்துபோகிறது?

எங்கேயும் இல்லை என்றார்கள் நீதிபதிகள். 2023 ஜூலையில் உரிமை திரும்பியது. நிலக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 மே 21 அன்று அங்கேயும் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து, கூடாரம் போடலாம் என்றே சொன்னார்கள். யாராவது நிலத்தைக் கெடுத்தால், தடுப்பதற்குப் பூங்கா நிர்வாகத்துக்கு விதிகளும் அதிகாரமும் இருக்கின்றன என்பதையும் எடுத்துக்காட்டினார்கள்.

இதனால் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு என்ன? நிறையவே உண்டு. 'பத்து டார்' என்றொரு நடைப்போட்டி 1960 முதல் டார்ட்மூரில் நடக்கிறது. ஆறு ஆறு பேராகச் சுமார் 400 அணிகள்; எல்லாரும் 14 முதல் 19 வயதுக்குள். கூடாரம், உணவு, தண்ணீர் எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு, இரண்டு நாள்களில் 35, 45 அல்லது 55 மைல் நடந்து, பத்துப் பாறைகளைத் தொட வேண்டும். 55 மைல் என்றால் 88 கிலோமீட்டர்! பெரியவர்கள் யாரும் கூட நடக்க மாட்டார்கள். வரைபடமும் திசைகாட்டியும்தான் துணை. அதற்குப் பழக வேண்டுமானால், அந்த மண்ணிலேயே படுத்து எழுந்திருந்தால்தானே முடியும்? விடுதி அறைக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கும் புல்தரை ஒன்றுதான்.

சரி, இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? டார்ட்மூர் முழுவதிலும் கூடாரம் போட முடியாது. அனுமதி உள்ள பகுதிகளைப் பூங்கா நிர்வாகம் ஒரு வரைபடத்தில் குறித்திருக்கிறது. முதலில் அதைப் பார்க்க வேண்டும். பிறகு, சாலையிலிருந்து 100 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும்; வீடுகளிலிருந்து பார்த்தால் கூடாரம் தெரியக் கூடாது. பழங்கால மனிதர்களின் கல்வட்டங்களுக்குள் முளை அடிக்கக் கூடாது. ஓரிரு இரவுகள்தான். நெருப்பு மூட்டவே கூடாது. சின்ன அடுப்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: டார்ட்மூரின் ஒரு பகுதியில் ராணுவம் துப்பாக்கிப் பயிற்சி செய்கிறது. குன்றின் மேல் சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பக்கம் போகவே கூடாது. இரவில் கொடிக்குப் பதில் சிவப்பு விளக்கு எரியும்.

(நம்மூர்க் காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அங்கே யானையும் சிறுத்தையும் இருக்கின்றன. ஆகவே, இதைப் படித்துவிட்டு யாரும் மூட்டை கட்டிவிடாதீர்கள்!)

டார்ட்மூரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1854-இல் ஒரு வழிகாட்டி, கிரான்மியர் குளம் என்ற எட்டாத இடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அங்கே வரை நடந்து வந்தவர்கள் அதில் தங்கள் பெயர்ச் சீட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டு இன்றும் நடக்கிறது. பாறை இடுக்குகளில் சின்னப் பெட்டிகளை ஒளித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் முத்திரையும் குறிப்பேடும் இருக்கும். கண்டுபிடித்தவர் அந்த முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்ததைத் தேடி நடப்பார்.