கன்று முட்டியதும் மடியில் நடப்பது

விடியற்காலையில் கன்றை அவிழ்த்து விடுகிறார்கள். அது பாய்ந்து போய் மடியில் இரண்டு முட்டு முட்டிச் சப்புகிறது. தொய்ந்து கிடந்த காம்புகள் ஒரு நிமிடத்துக்குள் விம்முகின்றன. "சுரப்பு விட்டாச்சு" என்று கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்க உட்காருகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் மடியிலிருந்து மூளைக்கு ஒரு செய்தி போய், பதிலும் வந்து சேர்ந்திருக்கிறது.

செய்தி போனது நரம்பு வழியே. பதில் வந்தது இரத்தத்தின் வழியே. அதைச் சுமந்து வந்தது ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோன், அதாவது உடலே சுரக்கும் இயக்குநீர். பாலில் பெரும்பகுதி மடியின் அடியில் தேங்கி நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளில் அடைபட்டிருக்கிறது. ஒரு வேளைக்கு 5 லிட்டர் கறக்கும் பசுவில் ஏறக்குறைய 4 லிட்டர் அங்கேதான் இருக்கும். அதே அளவு கறக்கும் எருமையில் கால் லிட்டர் போக மீதி எல்லாமே அங்கேதான். ஒவ்வொரு பையையும் தசை போன்ற செல்கள் வலைபோலச் சுற்றியிருக்கின்றன. ஆக்ஸிடாசின் வந்து தொட்டதும் வலை இறுகும், பால் இறங்கும். மிரண்ட மாட்டில் அட்ரினலின் குறுக்கே வந்து இந்த வேலையைக் கெடுத்துவிடும். பாலை அடக்கிக்கொள்கிறது என்பது இதைத்தான்.

கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன் நிறுத்துவார்கள். தாய் அதை நக்கியபடியே பால் விடும். பார்க்க மனம் கனக்கும். ஆனால் அங்கேயும் வேலை செய்வது இதே ஆக்ஸிடாசின்தான்.

வெறும் 9 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. அமெரிக்க வேதியியலர் வின்சென்ட் டு விக்னோ 1953இல் அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார். 1955இல் நோபல் பரிசு பெற்றார். பசுவின் மூளை சுரப்பதும் பெண்ணின் மூளை சுரப்பதும் அணுவளவும் மாறாத ஒரே பொருள். பிரசவ வார்டில் தாயின் இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசியும் அதுவே.

பால் இறங்க வைப்பதற்காக அந்த ஊசி மாட்டுக் கொட்டகைக்கும் வந்தது. கூடவே ஓர் அச்சமும் வந்தது: ஊசி போட்ட பாலைக் குடித்துத்தான் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்களாம். இதற்கு ஆதாரம் இல்லை. மாட்டின் இரத்தத்தில் ஆக்ஸிடாசின் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். பாலில் துளி தங்கினாலும், பருப்பின் புரதத்தைச் செரிப்பதுபோல நம் வயிறு அதையும் செரித்துவிடும். மருத்துவமனையில் அதை விழுங்கக் கொடுக்காமல் ஊசியாகப் போடுவது அதனால்தான். பூப்பெய்த வைக்கும் ஹார்மோன்களும் வேறு.

கேடு மாட்டுக்குத்தான். நாளுக்கு இரண்டு முறை குத்துப்பட்டுப் பழகிய மாடு, பிறகு கன்று முட்டினாலும் முழுதாகச் சுரப்பு விடாது. இப்படிப் போடுவதைத் தடுக்க 2018 ஏப்ரலில் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் இம்மருந்தைத் தயாரிக்கத் தடை விதித்தது. பிரசவத் தாய்மார்களுக்கு மருந்துத் தட்டுப்பாடு வரும் என்ற வாதம் எழுந்தது. டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ஆனால் மாட்டின் உடலுக்குக் கேடாக ஊசி போட்டுப் பால் சுரக்க வைப்பது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி இன்றும் குற்றம். கொட்டகையில் தினமும் சிரிஞ்சைக் கண்டால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த மாட்டுக்காக.