துணைவர்கள் கேட்கச் சொன்ன கேள்வி

1990-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரில் எய்ட்ஸ் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. ஆயுளை நீட்டித்த கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 வாக்கில்தான் வந்தது. அதுவரை, நோயில் விழுந்த ஆண்கள் பலரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்களுடைய ஆண் துணைவர்கள். நடுராத்திரியில் வியர்வையில் நனைந்த படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும். வேளை தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும். அந்தத் துணைவர்களிலும் கணிசமானவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. கட்டிலில் கிடப்பவருக்கு இன்று நடப்பது நாளை தனக்கும் நடக்கலாம் என்று தெரிந்தேதான் அவர்கள் பணிவிடை செய்தார்கள்.

இப்படிப்பட்ட 250-க்கும் மேற்பட்டவர்களைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் சூசன் ஃபோக்மன் குழுவினர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சந்திப்பு. கடந்த நாட்களில் பட்ட கஷ்டம் என்ன, அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று விசாரிப்பார்கள். ஆய்வு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பதில் சொல்ல வந்தவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள்: கஷ்டத்தை மட்டுமே கேட்கிறீர்களே, நல்லது நடந்ததையும் கேட்டால்தானே நாங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறோம் என்பது உங்களுக்குப் புரியும்?

ஃபோக்மன் அந்தக் கேள்வியைச் சேர்த்தார். மனசுக்கு இதமாக இருந்த, அன்றைய நாளைத் தள்ள உதவிய ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். அதன்பின் நடந்த 1,794 நேர்காணல்களில் 99.5 சதவீதத்தில் ஏதோ ஒரு நல்ல சம்பவம் பதிவானது. பெரிய விஷயமெல்லாம் இல்லை. துணைவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டது, அழகான சூரிய அஸ்தமனத்தைப் பார்த்தது, யாரோ ஒருவர் வாய் நிறையப் பாராட்டியது.

அதற்காக அவர்கள் துக்கமில்லாமல் இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மனச்சோர்வு அளவுகோலில் அவர்களுடைய மதிப்பெண் சாதாரண மக்களைவிட வெகு அதிகம். ஆனால், துணைவர் இறப்பதற்குச் சற்று முன்னும் பின்னுமான வாரங்களைத் தவிர்த்தால், நல்ல உணர்வுகளும் வேதனைக்குச் சமமாகவே அவர்களிடம் தலைகாட்டின. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்ற பழைய கணக்கு அங்கே பொய்த்தது.

நெருக்கடியில் இருப்பவருக்கு நல்லுணர்வு என்ன செய்கிறது என்பதை ஃபோக்மனும் ரிச்சர்ட் லாசரஸும் ஆலன் கானரும் 1980-லேயே ஊகித்திருந்தார்கள். அது மூச்சுவிட இடைவெளி தருகிறது; தொடர்ந்து போராடத் தெம்பு தருகிறது; இழந்த பலத்தை மீட்டுத் தருகிறது. அன்று அது யோசனை மட்டும்தான். உடம்பில் அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பின்னாளில் காட்டியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்பரா ஃபிரெட்ரிக்சன்.

அவருடைய சோதனை கொஞ்சம் குறும்பானது. மாணவர்களை உட்காரவைத்து, ஒரு நிமிடத்தில் ஒரு பேச்சைத் தயார் செய்யச் சொன்னார்கள். பேச்சு வீடியோவில் பதிவாகும், சக மாணவர்கள் மதிப்பிடுவார்கள் என்றும் சொல்லிவைத்தார்கள். மேடைப் பயம் யாரை விட்டது? நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, விரல் நுனி ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அந்த நேரத்தில், பேச வேண்டியதில்லை என்று விடுவித்து, ஒரு சிறு படம் போட்டார்கள். சிலருக்கு விளையாடும் நாய்க்குட்டி, சிலருக்குக் கடல் அலை, சிலருக்கு எந்த உணர்ச்சியும் தூண்டாத வெறும் கோட்டு வடிவங்கள், மற்றவர்களுக்கு அழும் சிறுவன்.

பயம் எல்லோருக்கும் விலகிவிட்டது. ஆனால் உடம்பு அடங்க எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றாக இல்லை. நாய்க்குட்டியையும் அலையையும் பார்த்தவர்கள் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்தார்கள். அழும் சிறுவனைப் பார்த்தவர்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. 2000-இல் வெளியான இந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. படபடப்பே இல்லாதவர்களுக்கு அதே படங்களைக் காட்டியபோது, மகிழ்ச்சிப் படத்துக்கும் வெறும் கோடுகளுக்கும் இதயத் துடிப்பில் வித்தியாசம் ஏதும் இல்லை. தணிய வேண்டிய படபடப்பு ஏதாவது இருந்தால்தான் நல்லுணர்வின் இந்தத் தணிக்கும் வேலை தென்படுகிறது.

துக்க வீட்டுச் சிரிப்பையும் ஆராய்ந்திருக்கிறார்கள். உளவியலாளர்கள் டாக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும், துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதமானவர்களை இறந்தவரைப் பற்றிப் பேசவைத்து, அந்த முகங்களைப் பதிவு செய்தார்கள். நடுவே கண்ணோரம் சுருங்க மனம்விட்டுச் சிரித்தவர்களிடம் கோபமும் இறுக்கமும் குறைவாக இருந்தன.

இந்தத் துறையில் கணக்கு தப்பியதும் உண்டு. 2005-இல் ஃபிரெட்ரிக்சனும் மார்சியல் லொசாடாவும், மனிதர் செழிக்க ஒரு கெட்ட உணர்வுக்கு மூன்று நல்ல உணர்வு என்ற விகிதம் வேண்டும் என்றார்கள், 2.9013 என்று தசமப் புள்ளி வரை கணித்தார்கள். பயிலரங்குக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். 2013-இல் நிக்கலஸ் பிரவுன், ஆலன் சோக்கல், ஹாரிஸ் ஃபிரீட்மன் மூவரும் அந்தக் கணிதத்துக்கு அடிப்படையே இல்லை என்று நிறுவினார்கள். அந்தக் கணித மாதிரி திரும்பப் பெறப்பட்டது. சந்தோஷமாக இருந்தே தீர வேண்டும் என்று முனைவதும் வினைதான். அப்படி எண்ணவைக்கப்பட்டவர்கள் மகிழ்ச்சிப் படத்தைப் பார்த்தும் மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள் என்று ஐரிஸ் மாஸ் குழு 2011-இல் காட்டியது.

ஃபோக்மனுடன் பணியாற்றிய ஜூடித் மாஸ்கோவிட்ஸ், அந்தத் துணைவர்கள் தாமாகச் செய்ததைப் பாடமாக வகுத்தார். நடந்த நல்லதைக் கவனிப்பது, அதை நினைத்து ருசிப்பது, நன்றியை எழுதிவைப்பது, எட்டக்கூடிய சின்ன இலக்கு வைப்பது, பிறருக்கு ஓர் உதவி செய்வது என்று எட்டு பயிற்சிகள். டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 170 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதியினருக்கு வீடியோ அழைப்பில் ஆறு வகுப்புகள். மறுபாதியினர் தங்கள் உணர்வுகளைத் தினமும் குறித்து அனுப்பினார்கள். 2019-இல் வந்த முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் மற்றவர்களைவிட 7 சதவீதமும், பதற்றம் 9 சதவீதமும் கூடுதலாகக் குறைந்தன. வீட்டிலிருந்த நோயாளியின் மறதி அப்படியேதான் இருந்தது. குளிப்பாட்டும் வேலையும் ஊட்டும் வேலையும் குறையவில்லை. முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களிடமும், நீரிழிவு நோயாளிகளிடமும் இதே பாடத்தை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.