போட்டோவில் இருப்பவர் நீங்கள்தானா?

தியாகதுருகத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். போன வருடம் எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர் ஒருவர் சினிமா ஆடிஷனுக்கு அனுப்ப போட்டோ கேட்டு வந்தார். மூன்று வருடத்திற்கு முன் நான் எடுத்த படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதையே திறந்து, ஃபோட்டோஷாப்பில் புருவத் தழும்பை அழித்து, நிறத்தையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன். அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

சென்னைக்கு ராத்திரி பஸ் பிடித்துப் போனவர் மறுநாளே திரும்பிவிட்டார். "போட்டோவில் இருக்கிற ஆள் எங்கே?" என்று கேட்டார்களாம். படத்தில் தோள் வரை முடி, நேரில் முன்வழுக்கை. அவர்கள் தேடியதோ வெயிலில் கருத்த கிராமத்து முகம். அது அவரிடம் இருந்தது, நான் கொடுத்த படத்தில்தான் இல்லை. போட்டோவுக்கு நான் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். போன வாய்ப்பை யார் கொடுப்பது?

கூத்தில் அரிதாரமும் கிரீடமும்தான் முகம். துரியோதனனுக்குள் இருப்பவருக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. சினிமாவுக்கு ஆள் எடுப்பவர்களோ வெறும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால் தாடி வைத்தாலும் எடுத்தாலும், முடி குறைந்தாலும், உடம்பு ஏறி இறங்கினாலும் உடனே புதுப்படம் எடுத்துவிடுங்கள்.

உங்களிடம் உள்ள படம் எப்போது எடுத்தது என்று மறந்துவிட்டதா? விண்டோஸில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் போங்கள். "டேட் டேக்கன்" என்ற இடத்தில் தேதி இருக்கும். கேமரா படத்தோடு சேர்த்து எழுதி வைக்கும் 'எக்ஸிஃப்' தகவல் இது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் இது அழிந்துவிடும், படமும் சுருங்கிவிடும். ஆகவே டாகுமென்ட் ஆக அனுப்புங்கள். 8க்கு 10 அங்குலப் பிரிண்ட் 300 டிபிஐ-யில் வேண்டுமென்றால் 2400க்கு 3000 பிக்சல் தேவை.

செல்ஃபி வேண்டாம். கை நீளத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்துத் தெரியும். லென்ஸின் குற்றமல்ல, அவ்வளவு கிட்டத்தில் இருந்து எடுப்பதுதான் காரணம். ஆறடி தள்ளி வேறொருவரை நிற்க வைத்து, பின் கேமராவில் 2எக்ஸ் ஜூமில் எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும். பியூட்டி மோடு இருந்தால் முதலில் அதை அணையுங்கள். சில போன்களில் அது தானாகவே ஆனில் இருக்கும். பரு ஒன்று இருந்தால் அழிக்கலாம், அடுத்த வாரம் அது இருக்காது. தழும்பு, மச்சம், நரை மேல் கை வைக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். ஏற்கெனவே பத்து இடத்துக்குப் பழைய படம் போயிருக்குமே, என்ன செய்வது? மெயிலில் இணைத்து அனுப்பியதை மாற்ற முடியாது. கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்திருந்தால் முடியும். பழைய ஃபைலை அழித்துவிடாதீர்கள், லிங்க் செத்துவிடும். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபைல் இன்ஃபர்மேஷன்' வழியாக 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' போய்ப் புதுப்படத்தை அப்லோட் செய்யுங்கள். லிங்க் அதேதான், திறப்பவர்களுக்குப் புதுமுகம் தெரியும்.

அந்தக் கலைஞருக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். ஃபைல் பெயரிலேயே மாதமும் வருடமும் போட்டிருக்கிறேன். பங்குனியில் கூத்துக்காக மீசையை மழித்துவிட்டு வந்து நின்றார். மறுபடி எடுத்தோம், இந்த முறை காசு வாங்கவில்லை.